உப்புக்கு வெயில் சரி, மனுசருக்கு நிழல் எங்கே?

தூத்துக்குடி வெயிலைக் குறை சொல்லவில்லை. உப்பளங்கள் பிழைப்பதே அதனால்தான். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடும். நல்ல மழைக்கு அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் நடப்பவருக்கு நிழல் வேண்டாமா? பனிமய மாதா கோயில், கடற்கரைச் சாலை, ரோச் பூங்கா என்று நடந்தே சுற்ற எவ்வளவு அழகான ஊர்!

எங்கள் தெருமுனை நிழற்குடைக்குத் தகரக் கூரையாம், இரும்பு இருக்கையாம். காலை பதினொரு மணிக்கே உட்கார முடியாது. மீன் கூடையோடு வரும் அக்காக்கள் பக்கத்துக் கடைத் தாழ்வாரத்தில் ஒண்டி நிற்கிறார்கள். பார்க்கவே ஆத்திரமாக வருகிறது. சாலையை அகலப்படுத்த வேப்பமரத்தை வெட்டினார்கள், சரி. அப்புறம் நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பூவரசும் புன்னையும் உப்புக்காற்றிலேயே வளரும் மரங்கள். அவற்றையாவது நட்டு வளர்த்துத் தொலையுங்களேன்!