மேஜிக் வீக்எண்ட்: நியூகாசிலை ஏன் கைவிடுகிறீர்கள்?

இங்கிலாந்து ரக்பி லீக்கில் மேஜிக் வீக்எண்டை எந்த ஊரில் நடத்துவது என்ற பஞ்சாயத்து மட்டும் முடிந்தபாடில்லை. முதல் நிலைப் போட்டியான சூப்பர் லீக்கின் அணிகள் எல்லாம் ஒரே ஊரில், ஒரே மைதானத்தில், சனி ஞாயிறு இரண்டே நாளில் ஆடி முடிக்கிற திருவிழாதான் மேஜிக் வீக்எண்ட். 2007-ல் ஆரம்பித்தது. விகனிலும் வேக்ஃபீல்டிலும் ஹல்லிலும் வருஷம் முழுக்கக் காசு சேர்த்து, லீவு சொல்லி, குடும்பத்தோடு கிளம்புகிற ரசிகர்களுக்கு இன்றுவரை நிலையான ஓர் ஊர் கிடையாது. கார்டிஃப், எடின்பரோ, மறுபடி கார்டிஃப், மான்செஸ்டர், நியூகாசில், லிவர்பூல், மறுபடி நியூகாசில், லீட்ஸ், மறுபடி நியூகாசில். 2026-க்கு எவர்டன் கால்பந்து கிளப்பின் புது மைதானம் என்று மறுபடி லிவர்பூல். ஒவ்வொரு முறையும் முதலில் காதில் விழுவது மைதானத்தின் பெயரும் அதில் எத்தனை ஆயிரம் இருக்கை என்பதும்தான். ரயில், தங்கும் அறை, புல்தரையின் நீளம் என்று ரசிகரையும் ஆட்டக்காரரையும் உண்மையில் தொடுகிற விஷயங்கள் கடைசியில் வருகின்றன. பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் அந்தக் கூட்டக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ‘63 ஆயிரம் பேர் வந்தார்கள்’ என்று வெளியிடுவது இரண்டு நாள் எண்ணிக்கையையும் கூட்டி. இரண்டு நாளும் வந்தவர் அதில் இரண்டு தலையாக எண்ணப்படுகிறார். பாதியாக்கினால் ஒரு நாளைக்கு 30 ஆயிரத்துச் சொச்சம். அந்த 30 ஆயிரமும் மூன்று ஆட்டத்துக்கும் நாற்காலியில் இருப்பதில்லை. முதல் ஆட்டத்துக்குப் பாதிப்பேர் இன்னும் வழியில் இருப்பார்கள், கடைசி ஆட்டத்துக்குள் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள். 2007-ல் கார்டிஃபில் இரண்டு நாளுக்கும் சேர்த்து 58,831. அந்த மைதானத்தில் ஏறத்தாழ 74 ஆயிரம் இருக்கைகள். நாளொன்றுக்கு நாற்பது சதவீதம்கூட நிரம்பவில்லை. அப்படியிருக்க, மைதானம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து ஊரை முடிவு செய்வதில் என்ன நியாயம்? 40 ஆயிரம் பேர் உட்காரும் இடம் இருந்தால் இந்தத் திருவிழாவுக்குத் தாராளம். மீதியெல்லாம் ஊரைப் பொறுத்தது.

நியூகாசிலில் இதுவரை எட்டு முறை நடந்திருக்கிறது: 2015 முதல் 2018 வரை நான்கு, 2021 முதல் 2023 வரை மூன்று, பிறகு 2025. ஒருமுறைகூட 60 ஆயிரத்துக்குக் கீழே போனதில்லை. 2016-ல் 68,276, அதுதான் உச்சம். நடுவில் 2019-ல் லிவர்பூலின் கால்பந்து மைதானமான ஆன்ஃபீல்டுக்குக் கொண்டுபோனார்கள், 56,869. 2024-ல் லீட்ஸின் எல்லண்ட் ரோடு, 53,103. இன்னொன்றையும் கவனியுங்கள். 2014-ல் லீக்கில் 14 அணிகள், ஏழு ஆட்டம். மான்செஸ்டரில் வந்தது 64,552. 2016-ல் 12 அணிகள், ஆறே ஆட்டம். ஓர் ஆட்டம் குறைந்தும் நியூகாசிலில் கூட்டம் அதிகமானது. இவ்வளவு வெட்டவெளிச்சமான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு எதற்காக மறுபடி மறுபடி மூட்டை கட்டுகிறார்கள்?

ஏன் நியூகாசில் பலிக்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. விழா நடக்கும் செயின்ட் ஜேம்ஸ் பார்க், நியூகாசில் யுனைடெட் கால்பந்து கிளப்பின் மைதானம், ஊருக்கு நட்டநடுவில் இருக்கிறது. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் கால் மணி நேர நடை. வழியெல்லாம் சாப்பாட்டுக் கடைகள், பப்கள், ஹோட்டல்கள். ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டு அடுத்ததற்குத் திரும்பலாம். ரயில் பாதையைப் பாருங்கள்: லிவர்பூல், மான்செஸ்டர், ஹட்டர்ஸ்ஃபீல்டு, லீட்ஸ், யார்க், நியூகாசில் என்று ஒரே வண்டி போகிறது. ரக்பி லீக் ஊர்களின் முதுகெலும்பே அந்தத் தடம்தான். லீட்ஸிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்ப அலுப்பாக இருக்கும், தங்குவதற்கு மனசு வரும், அதே சமயம் பயணமே பெரும்பாடாகவும் ஆகாது. இந்த இடைத்தூரம்தான் மேஜிக் வீக்எண்டின் உயிர்.

லீட்ஸில் செத்துப்போனது அதுதான். காசில்ஃபோர்டும் வேக்ஃபீல்டும் லீட்ஸிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். அந்த ஊர் ரசிகர் தன் அணியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் வரமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வாராவாரம் போகிற ஊரில் அறை எடுத்துத் தங்க யாருக்குத் தோன்றும்? போதாததற்கு எல்லண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஊருக்கு வெளியே. இரண்டு ஆட்டத்துக்கு நடுவே போய் உட்கார இடம் இல்லை. லிவர்பூலுக்கும் இதே வியாதிதான். செயின்ட் ஹெலன்ஸிலிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர், விகனிலிருந்து முப்பது. ஆன்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ரயில் நிலையமே கிடையாது. எவர்டனின் புது மைதானத்துக்கு சாண்ட்ஹில்ஸ் நிலையம் நடை தூரத்தில் இருப்பது ஒரு முன்னேற்றம், ஒத்துக்கொள்ளலாம். ஆனால் செயின்ட் ஹெலன்ஸ் ரசிகர் இரவு வீட்டுக்குத்தான் போவார். அதை எந்தப் புது மைதானமும் மாற்றாது.

அடுத்தது புல்தரை. இதைப் பேசினால் அதிகாரிகள் காது கொடுப்பதில்லை, ஆனால் ஆட்டத்தையே கெடுப்பது இதுதான். ரக்பி லீக் தரை ஒரு ட்ரை கோட்டிலிருந்து மறு ட்ரை கோடு வரை 100 மீட்டர் (அந்தக் கோட்டிலோ தாண்டியோ பந்தைத் தரையில் அமுக்கிப் புள்ளி எடுப்பதுதான் ட்ரை). அதற்குப் பின்னால் இரு பக்கமும் இன்-கோல் பகுதி, ஒவ்வொன்றும் 6 முதல் 11 மீட்டர். முழுசாகப் போட்டால் 122 மீட்டர் வேண்டும். அகலம் 68. கால்பந்துத் தரை வழக்கமாக 105-க்கு 68. அகலம் ஒத்துப்போகிறது, நீளம் உதைக்கிறது. 105-ல் இரண்டு முனையிலும் ஆறாறு மீட்டர் இன்-கோலுக்கு விட்டால் மிச்சம் 93. ஆன்ஃபீல்டு அதைவிடக் குட்டை, 101 மீட்டர்தான். அங்கே கணக்குப்படி 89. கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரப் புல்லைச் சேர்த்து இழுத்துப் பிடித்தாலும் சில மீட்டர்தான் கூடும். அதைச் சேர்த்தால் இன்-கோலின் பின்விளிம்பான டெட்-பால் கோட்டுக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவே இடம் போய்விடும். முழு வேகத்தில் பந்தைத் துரத்திப் பாய்கிறவர் சறுக்கிப் போய்ப் பலகையில் முட்டுவார்.

இன்-கோல் சுருங்கினால் ஆட்டத்துக்கு என்ன ஆகும்? ஆறாவது டேக்கிளுக்கு, அதாவது எதிரணி ஆறாவது முறை மடக்கிப் பிடிப்பதற்கு, முன்னால் ட்ரை கோட்டருகே பந்தைத் தரையோடு உருட்டிவிடுவார்களே, அந்த கிரப்பர் கிக் செத்தது. 10 மீட்டர் ஆழம் இருந்தால் பந்து வேகம் குறைந்து நிற்கும், ஓடிவந்து அமுக்கலாம். 6 மீட்டரில் உருண்டு வெளியே போய்விடும், 20 மீட்டர் கோட்டில் பந்து எதிரணிக்கு. வருஷம் முழுக்கப் பழகிய உத்தியை அந்த ஒரு வாரம் மூட்டை கட்டி வைக்கச் சொல்கிறோம், ஆனால் புள்ளிகள் மட்டும் மற்ற வாரங்களைப் போலவே பட்டியலில் ஏறுகின்றன. கார்டிஃபிலும் எடின்பரோவின் மரேஃபீல்டிலும் இந்தப் பிரச்சினை இல்லை, அவை ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி யூனியனின் மைதானங்கள். நியூகாசிலில் உண்டு. அதை மறைக்கவில்லை. கால்பந்து மைதானத்துக்குப் போவதென்றால் இரண்டு இன்-கோலின் ஆழத்தையும், பலகைகளை எவ்வளவு பின்னால் நகர்த்த முடியும் என்பதையும் அளந்து எழுதி வாங்கிவிட்டு அறிவியுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

எச் வடிவக் கம்பங்கள் ட்ரை கோட்டின் மேலேயே நிற்க வேண்டும். கால்பந்துத் தரையில் அந்த இடம் கோல்கீப்பர் நிற்கும் சின்னப் பெட்டியின் விளிம்பு. குழி தோண்டி, இரும்புக் குழாய் பதித்து, விழா முடிந்ததும் மூடி, புல் பதிக்க வேண்டும். இரண்டு நாளில் ஆறு ஆட்டம், ஒவ்வொன்றிலும் 26 பேர் மோதி விழுகிற தரை அது. அடுத்த வாரம் கால்பந்து இருந்தால் எந்தத் தரைப் பராமரிப்பாளர் சம்மதிப்பார்? கால்பந்து சீசன் முடிந்ததும் புல்லைச் சுரண்டிப் புதிதாக விதைக்கப் பல வாரங்கள் எடுத்துக்கொள்வார்கள். அதே இடைவெளியைத்தான் இசைக் கச்சேரிக்காரர்களும் கேட்கிறார்கள். ஆக மாதத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஊரைத் தேடினால், கிடைப்பது யாருக்கும் வேண்டாத ஊர். 2024-ல் ஆகஸ்ட் 17, 18 என்று வைத்தார்கள். பிரீமியர் லீக் தொடங்கும் வாரம். அந்தச் சனிக்கிழமை நியூகாசில் யுனைடெட்டுக்கு சொந்த மைதானத்தில் சௌத்தாம்ப்டனோடு ஆட்டம். அந்தத் தேதியில் அந்தக் கதவு திறக்க வழியே இல்லை. ஊரை முதலில் பிடியுங்கள், அந்த ஊரில் எந்த வாரம் தரை கிடைக்கிறதோ அதில் விழாவை வையுங்கள். 2025-ல் மே 3, 4 என்று வைத்தபோது அந்த வாரம் நியூகாசில் யுனைடெட் பிரைட்டனுக்குப் போயிருந்தது. நடந்ததா இல்லையா?

ஆட்ட நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 80 நிமிட ஆட்டம், இடைவேளை, நிறுத்தங்கள் சேர்த்து ஒன்றே முக்கால் மணி. அடுத்த இரண்டு அணி உடம்பைச் சூடேற்ற அரை மணியாவது தரை வேண்டும். எனவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டே கால் மணியாவது விட்டால்தான் சரிப்படும். மூன்று ஆட்டம் என்றால் ஏழு மணி நேரம். டிவி வசதிக்காக ஞாயிறு கடைசி ஆட்டத்தை மாலையில் தள்ளி, அதையும் தூரத்து ஊர்க்காரர் தலையில் கட்டினால் அவர்கள் எப்படி ஊர் திரும்புவது? மறுநாள் வேலை. ஞாயிறு இரவில் ரயில் குறைவு. தண்டவாள வேலை நடந்தால் பாதி வழியில் இறக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். தண்டவாள வேலை அட்டவணையை மாதங்களுக்கு முன்பே ரயில்வேயிடம் கேட்டு வாங்கலாம். கேட்டுவிட்டுத் தேதி குறிப்பதற்கு என்ன கேடு? ஹல் ஊரின் இரண்டு அணிகளும் மோதும் டெர்பியைச் சனிக்கிழமை நடுவில் வையுங்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் பயணம் சுற்று. ஞாயிறு கடைசி ஆட்டத்தை லீட்ஸ் போல நேர் ரயில் உள்ள அணிக்குக் கொடுங்கள். 2026-லிருந்து 14 அணி, அதாவது ஏழு ஆட்டம். ஒரு நாளில் நான்கு வைத்தால் ஒன்பது மணி நேரம். வெளியே போய்த் திரும்பி வர அனுமதி இல்லாத கால்பந்து மைதானத்தில் பிள்ளைகளோடு ஒன்பது மணி நேரம் அடைந்து கிடக்க முடியுமா? மறுநுழைவு அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். உள்ளே உள்ள கடைகள் காலை முதல் கடைசி விசில் வரை திறந்திருக்க வேண்டும் என்பதையும்.

‘புது ஊருக்குப் போனால் விளையாட்டு பரவும்’ என்பது இன்னொரு சாக்கு. பரவவில்லை. கேட்ஸ்ஹெட் தண்டர் 1999-ல் ஒரே ஒரு சீசன் சூப்பர் லீக் ஆடி, ஹல்லோடு இணைக்கப்பட்டுக் காணாமல் போனது. பிறகு அதே பெயரில் எழுந்து நியூகாசில் தண்டர் ஆன கிளப், எட்டில் ஏழு மேஜிக் வீக்எண்ட் தன் ஊரில் நடந்து முடிந்திருந்த 2023-ல், இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்கியது. இரண்டு நாள் திருவிழா ஒரு பகுதியில் ஆட்டத்தை வேரூன்றச் செய்யாது. பள்ளியும் பயிற்சியாளரும் வருஷம் முழுக்கப் பணமும்தான் செய்யும். அதைச் செய்யாதவர்கள் வளர்ச்சி என்ற பெயரில் ரசிகரை ஊர் ஊராக அலைய விடக் கூடாது.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2019-ல் அங்குள்ள ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல், இதே மாதிரி மேஜிக் ரவுண்டைப் பிரிஸ்பேனில் தொடங்கியது. முதல் ஆண்டே 1.3 லட்சத்துக்கு மேல் கூட்டம். கோவிட்டால் 2020 நின்றது, மற்றபடி 2025 வரை வேறு ஊருக்குப் போகவே இல்லை. அது நடக்கும் சன்கார்ப் ஸ்டேடியம் ஊரோடு ஒட்டியது, ரோமா ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நடந்து போகலாம், கேக்ஸ்டன் தெரு முழுக்க ரசிகர்கள். ஊர் மாறாததால் வீடு திரும்பும்போதே அடுத்த வருஷத்துக்கு அறை பிடிக்கலாம்.

இங்கே செய்ய வேண்டியது இதுதான். நியூகாசிலோடு ஐந்து வருஷ ஒப்பந்தம் போடுங்கள். ஜூனில் பிரீமியர் லீக் அட்டவணை வெளியானதும் நியூகாசில் யுனைடெட் வெளியூர் போகும் மே மாத வாரங்களைக் குறித்துக்கொண்டு, கால்பந்து கிளப்போடு உட்கார்ந்து பேசி, செப்டம்பருக்குள் தேதியை அறிவியுங்கள். அறிவிப்பதற்கு முன்பே நியூகாசிலிலும் கேட்ஸ்ஹெட்டிலும் ரசிகர் சங்கங்களுக்கென ஒரு பங்கு அறைகளைப் பழைய விலைக்குப் பிடித்து வையுங்கள். அறிவித்த மறுநிமிடம் விலை ஏறிவிடும். ஒவ்வோர் ஆட்டத்தின் நாளும் நேரமும் டிக்கெட் விற்பனை தொடங்கும் அன்றே தெரிய வேண்டும். வேறு ஊர் அதிகப் பணம் தருகிறது என்றால், எவ்வளவு, அதில் ஒவ்வொரு கிளப்புக்கும் எவ்வளவு, அந்த ஊரில் இன்-கோல் எத்தனை மீட்டர் என்று வெளியே சொல்லிவிட்டுப் போங்கள்.