பூட்டிய போனை வாங்காதீர்கள்

அக்கா மகன் ஆகஸ்ட்டில் எம்.எஸ். படிக்க டல்லாஸ் வருகிறான். நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டான்: "சித்தி, போன் இங்கேயே வாங்கிட்டு வரவா, அங்க வந்து வாங்கிக்கவா? அங்க ஐபோன் ஃப்ரீயா தர்றாங்களாமே?" பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுவிட்டது. இந்த வருடம் பிள்ளைகளை அனுப்புகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

அமெரிக்காவில் போன் வாங்க இரண்டு வழி. ஏடி&டி, வெரைஸன், டி-மொபைல் போன்ற நெட்வொர்க் கம்பெனியிடம் அவர்களுடைய பிளானோடு சேர்த்துத் தவணையில் வாங்கலாம். அந்த போன் அந்தக் கம்பெனியின் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி பூட்டி வரும். இல்லையென்றால் போனை மட்டும் முழு விலை கொடுத்து வாங்கலாம். அதுதான் அன்லாக்டு போன், எந்த சிம்மைப் போட்டாலும் வேலை செய்யும். ஊரில் நாம் கடைக்குப் போய் போன் வாங்கி, நமக்குப் பிடித்த சிம்மைப் போடுகிறோமே, அதேதான். நமக்கு இயல்பான இந்த விஷயம் இங்கே தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றாக இருக்கிறது.

அந்த "ஃப்ரீ" எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 830 டாலர் போன் என்று வையுங்கள். அதை 36 மாதத் தவணையாகப் பிரித்து, மாதம் 23 டாலர் என்று உங்கள் பில்லில் எழுதுவார்கள். அதே பில்லில் 23 டாலரைத் தள்ளுபடியாகக் கழிப்பார்கள். கணக்கு நேராகிவிடும், போனுக்கு நீங்கள் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் 20 மாதம் கழித்து வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் தள்ளுபடி அத்தோடு நின்றுவிடும். மீதமுள்ள 16 தவணை, கிட்டத்தட்ட 370 டாலர், உங்கள் தலையில் விழும். அது மட்டுமில்லை, இந்தச் சலுகைகளில் பெரும்பாலானவை விலை கூடிய அன்லிமிட்டட் பிளான் எடுப்பவர்களுக்குத்தான். நான் அப்படி ஒரு பிளானுக்கு மாதம் 85 டாலர் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சொந்தமாக வாங்கிய போனில், பெரிய கம்பெனியின் டவரையே வாடகைக்கு எடுத்து நடத்தும் ஒரு சின்ன கம்பெனிக்கு 25 டாலர் கட்டுகிறேன். வித்தியாசம் மாதம் 60 டாலர். 36 மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள், 2160 டாலர் வருகிறது. அந்தக் காசில் நல்ல போன் இரண்டு வாங்கலாம்.

காசைக்கூட விட்டுவிடலாம். நான் பட்டது வேறு. 2019 நவம்பரில் அப்பாவுக்குத் திருச்சியில் பைபாஸ் என்று திடீரென்று கிளம்பினேன். கையில் எட்டு மாதத்துக்கு முன் தவணையில் எடுத்த போன். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் சிம் வாங்கிப் போட்டால், இந்த சிம் இதில் செல்லாது என்று திரையில் வருகிறது. கடைக்காரப் பையன் மூன்று முறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது லாக் போன், ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். அமெரிக்கக் கம்பெனிக்குப் பேசினேன். மீதித் தவணை முழுவதையும் கட்டினால்தான் திறப்போம், கட்டிய பிறகும் இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்றார்கள். ரோமிங்கில் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து டாலர், அதிலும் என் நம்பர் அமெரிக்க நம்பர். ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. "உங்க நம்பர் சொல்லுங்க, கூப்பிடுறோம்" என்று கேட்டவர்களிடம் +1 என்று ஆரம்பிக்கும் நம்பரை எப்படிக் கொடுப்பது? அப்பாவின் பழைய பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டர் கேட்ட ரிப்போர்ட்டை அனுப்ப வரவேற்பறையின் வைஃபையைத் தேடி மாடி ஏறி இறங்கினேன். அந்த நான்கு நாட்களை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. மாதம் தவறாமல் பணம் கட்டியவள் நான். போன் என் கையில் இருந்தும் எனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் அது என் பேச்சைக் கேட்கவில்லை.

இந்தப் பூட்டு நம் ஊருக்கும் தெரியாததில்லை. 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்கு போன் என்று இறங்கியது நினைவிருக்கிறதா? எங்கள் தெருவில் பாதிப் பேர் வாங்கினார்கள். அதில் சிம்மே கிடையாது, போனும் கம்பெனியும் ஒன்றாகப் பிணைந்தவை. 2008இல் ஏர்டெல்லும் வோடஃபோனும் விற்ற ஐபோன் 3ஜியும் பூட்டித்தான் வந்தது. போனைப் பூட்டி விற்கும் இந்தப் பழக்கம் அங்கே பரவலாக ஒட்டாமல் போனது நம் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

இங்கே நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கிறது. 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கிய போனைக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் திறப்பதே பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்று ஆனது. வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்டு அதைச் சட்டப்படி செல்லும் என்று மாற்றினார். ஆனால் அந்தச் சட்டம் திறப்பதைத்தான் அனுமதித்தது, பூட்டி விற்பதைத் தடுக்கவில்லை. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து போனைப் பூட்டி விற்கக் கூடாது. ஜப்பான் 2021 அக்டோபரில் நிறுத்தியது, பிரிட்டன் அதே வருடம் டிசம்பரில். அங்கெல்லாம் போன் கம்பெனிகள் ஒன்றும் மூடிப் போய்விடவில்லை. தவணை கட்டாமல் ஓடிவிடுவார்கள் என்பதுதான் இங்கே சொல்லப்படும் காரணம். கார் கடன் வாங்கியவர் எந்த பங்க்கில் பெட்ரோல் போட வேண்டும் என்று எந்த பேங்க்கும் சொல்வதில்லையே. கடனை வசூலிக்க ஒப்பந்தம் இருக்கிறது, அது போதும்.

இரண்டு நாட்டில் கால் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம்மில் பலர் ஊர் நம்பரை விடாமல் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறோம். பேங்க் ஓடிபி அதில்தான் வரும். யுபிஐ செயலியில் அந்த நம்பரைப் பதிவு செய்ய வேண்டுமென்றால், அந்த சிம் அதே போனில் இருந்து எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். இன்றைய போன்களில் இரண்டு லைன் வைக்கலாம், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஆனால் பூட்டிய போனில் இரண்டாவது லைனும் அதே கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். அதாவது ஊர் நம்பருக்கென்று இன்னொரு போன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அம்மா வீட்டுக் கரண்ட் பில்லை நான் இங்கிருந்து கட்டுகிறேன், இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஒன்று கவனியுங்கள். 2022இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் சிம் போடும் இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் எனும் டிஜிட்டல் சிம் மட்டும்தான். அன்லாக்டு வாங்கினாலும் ஊர் சிம்மை உள்ளே நுழைக்க முடியாது. ஊரில் இருக்கும்போதே அதை இ-சிம்மாக மாற்றிக்கொள்வது நல்லது.

கம்பெனி போன் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நான்கு பேர் உள்ள குடும்பம், பழைய போன்களைக் கொடுத்து மாற்றுகிறார்கள், எப்படியும் அந்த பிளானில்தான் இருப்பார்கள், மூன்று வருடத்தில் ஊர்ப்பக்கம் போகும் எண்ணமும் இல்லை என்றால் அவர்களுக்குக் காசு மிச்சமாகலாம். என் தோழி ஒருத்தி அப்படித்தான் எடுத்திருக்கிறாள், அவள் கணக்கு சரி. ஆனால் புதிதாக வரும் மாணவருக்கு அது பொருந்தாது. கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இங்கே கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டிய பதிவு, இல்லாமல் அந்தத் தவணை கிடைப்பதே கஷ்டம். ப்ரீபெய்டில் மலிவாக விற்கும் பூட்டிய போன் வாங்கினால் திறக்க ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம்கூடக் காத்திருக்க வேண்டும். டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்?

கடையில் கேட்கும்போது வார்த்தையிலும் கவனம் வேண்டும். ஐபோன் 12 வந்தபோது 799 டாலர் என்று விளம்பரம் செய்தார்கள். அது கம்பெனியோடு சேர்த்து வாங்கினால், தனியாக வாங்கினால் 829. அந்த 30 டாலரைப் பார்த்துத் தயங்கியவர்களை எனக்குத் தெரியும். பழைய போன் வாங்குவதாக இருந்தால், ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் "கேரியர் லாக்" என்ற வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருந்தால் மட்டும் காசை எடுங்கள். முன்னால் வைத்திருந்தவர் தவணை பாக்கி வைத்திருந்தால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ என்ற அடையாள நம்பரையே கம்பெனி முடக்கிவிடலாம், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அக்கா மகனுக்கு. உன்னிடம் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் போன வருடம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கியது, பூட்டு எதுவும் கிடையாது, அதையே கொண்டு வா. ஆனால் ஒரு வேலை இருக்கிறது. ஏடி&டி 2022இல் 3ஜியை மூடியதிலிருந்து தன் பட்டியலில் உள்ள மாடல்களை மட்டும்தான் அனுமதிக்கிறது, ஊரில் விற்கும் பல மாடல்கள் அதில் இல்லை. டி-மொபைல் அவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால் டி-மொபைல் டவரில் ஓடும் மலிவான ப்ரீபெய்டு ஒன்றை முதல் மாதத்துக்கு எடுத்துப் பார், ஹாஸ்டலிலும் கிளாஸிலும் சிக்னல் எப்படி என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே மாறிக்கொள். மாடல் நம்பரை போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு, இங்கத்திய டவர்களின் எந்த பேண்ட் (அலைவரிசை) எல்லாம் அதில் இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். உன் ஏர்டெல் நம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் சரண்டர் செய்துவிடாதே.