யூரியா விலையை மட்டும் வைத்துப் பேசக்கூடாது

"உர விலை பல வருஷமாக ஏறவே இல்லை, மக்காச்சோளம் விலை ஏறினால் விவசாயிக்கு முழு லாபம்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரிங்க.

45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசில் நிற்பது உண்மை. அது அரசு நிர்ணயித்த விலை. ஆனால் டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் தருவது), பொட்டாஷ் (சாம்பல் சத்து தருவது), காம்ப்ளக்ஸ் (பல சத்தும் கலந்த உரம்) எல்லாம் 2010 முதல் சத்து அடிப்படையிலான மானியத்தில் வருகின்றன. அதில் சத்துக்கு இவ்வளவு என்று மானியத்தைத்தான் அரசு நிர்ணயிக்கும், விலை உலகச் சந்தையோடு ஆடும். 2022இல் 50 கிலோ பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது. டிஏபி 1,200இலிருந்து 1,350 ஆனது.

அப்படி விலை ஏறும்போது உடுமலைப் பக்கம் மக்காச்சோளத்தில் என்ன நடக்கும்? பொட்டாஷைக் குறைத்துவிட்டு, மலிவாகக் கிடைக்கும் யூரியாவைக் கூடப் போடுவார்கள். பயிர் பச்சைப்பசேலென்று இருக்கும், தண்டு பலமிருக்காது, காற்றடித்தால் சாயும். ஈரோட்டு மஞ்சளில் இன்னும் சிக்கல். ஒன்பது மாதப் பயிர், பொட்டாஷும் நிறையக் கேட்கும். இன்றைய விலைக்கு உரம் வாங்கி, அடுத்த வருஷ விலைக்கு விற்க வேண்டும்.

அப்புறம் மக்காச்சோளத்தின் விலை. 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனால் நெல்லுக்கு இருப்பதுபோல ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இதற்குக் கிடையாது. பல்லடம், நாமக்கல் கோழித்தீவனக்காரர்கள் கேட்கும் விலைதான் விலை. அறுவடை மொத்தமாக வரும்போது அது இறங்கும். ஏறும்போது நம்மிடம் சரக்கு இருக்காது. இதில் அலுத்துத்தான் பலர் தென்னை வைத்துவிட்டார்கள்.