மொத்தப் பாயிண்ட்டைக் கூட்டிப் போட்டா அது "நம்ம லீக்" பட்டியலா?

மறுபடியும் வந்துடுச்சு. 19-வது வாரம் முடிஞ்சதோ இல்லையோ, நம்ம பத்துப் பேர் லீக் குரூப்ல அந்தப் பட்டியல் வந்து விழுந்தாச்சு. "நம்ம லீக்கோட பாதி சீசன் ஹீரோக்கள்"னு தலைப்பு. உள்ள போய்ப் பார்த்தா எஃப்பிஎல் (ஃபேன்டஸி பிரீமியர் லீக், இங்கிலாந்து கால்பந்து ஆளுங்களை வச்சு நாம டீம் போட்டு, அவங்க ஆட்டத்துக்குப் பாயிண்ட் வாங்குற விளையாட்டு) தளத்துல மொத்தப் பாயிண்ட்டை மேலேர்ந்து கீழ அடுக்கி எடுத்த ஒரு ஸ்கிரீன்ஷாட். அவ்வளவுதான். அதுக்கு கீழ பத்துப் பேர் கைதட்டுறாங்க.

இதுல "நம்ம" எங்கடா இருக்கு? அந்த வரிசை உலகத்துல விளையாடுற கோடிப் பேருக்கும் ஒண்ணுதான். நம்ம பத்துப் பேர்ல யார் அந்த ஆளை எந்த வாரம் வச்சிருந்தாங்க, யார் கேப்டன் போட்டாங்க (கேப்டன் பாயிண்ட் இரட்டிப்பு), யார் பெஞ்ச்ல உட்கார வச்சாங்க (அங்க இருந்தா பாயிண்ட் சேராது), ஒரு எழுத்து கிடையாது. ஆகஸ்ட்ல அவன் அடிச்ச பாயிண்ட்டையும் சேர்த்து எழுதியிருக்கு. ஆகஸ்ட்ல நம்ம லீக்ல ஒருத்தன்கிட்டகூட அவன் இல்லைன்னா அந்தப் பாயிண்ட் யாருக்கு வந்துச்சு? யாருக்கும் வரல. யாருக்குமே வராத பாயிண்ட்டை வச்சு நம்ம லீக் ஹீரோன்னு எழுதினா கோபம் வராம என்ன வரும்?

2024-25 சீசனை எடுத்துக்கோங்க. இந்த அநியாயம் அந்த சீசன்லதான் வெட்டவெளிச்சமாத் தெரியும். பட்டியல்ல முதல் பேர் லிவர்பூல் ஆளு முகமது சலா. மறுக்கல. சீசன் முடிவுல 29 கோல், 18 அசிஸ்ட் (அடுத்தவன் கோல் போடப் பந்து கொடுத்தது), 344 பாயிண்ட். எஃப்பிஎல் வரலாற்றுல அது வரைக்கும் அதுதான் அதிகம். மனுஷன் ஆடின ஆட்டத்துக்கு தலைவணங்கணும். ஆனா லீக் டேபிள்ல யார் மேல போனா, யார் கீழ வந்தான்னு கேட்டா சலா பேரைச் சொல்லி முடிச்சுட முடியாது. ஏன்னா அவர் கிட்டத்தட்ட எல்லார்கிட்டயும் இருந்தார்.

கணக்கு போட்டுக் காட்டுறேன், பொறுமையாப் படிங்க. பத்துப் பேர் லீக். 8 பேர் சலாவை கேப்டன் போட்டிருக்காங்க, ஒருத்தன் சும்மா வச்சிருக்கான், ஒருத்தன்கிட்ட இல்லவே இல்ல. கேப்டனுக்கு 2, சும்மா ஆடவிட்டா 1, இல்லைன்னா 0. எல்லாம் கூட்டினா 17. பத்தால வகுத்தா லீக் சராசரி 1.7. இப்போ சலா ஒரு வாரம் 20 பாயிண்ட் அடிக்கிறார். கேப்டன் போட்டவனுக்கு 40 ஏறும், சரி. ஆனா சராசரியை விட அவன் எவ்வளவு முன்ன போனான்? 2-லேர்ந்து 1.7-ஐக் கழிச்சா 0.3. அதை 20-ஆல பெருக்கினா வெறும் 6. அதே வாரம் 2 பேர்கிட்ட மட்டும் இருக்குற ஒரு 5 மில்லியன் ஆள் (ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விலை உண்டு, டீம் வாங்க மொத்தம் 100 மில்லியன்) 20 அடிச்சா? லீக் சராசரி 0.2. அவனை ஆடவிட்டவனுக்கு 0.8 பெருக்கல் 20, அதாவது 16. பதினாறு! கேப்டன் பட்டம்கூட இல்லாம! லீக்கை அசைச்சது 40-ஆ, 16-ஆ?

"சலா இல்லாதவனுக்கு 34 போச்சே"ன்னு ஒருத்தன் வருவான். போச்சுதான். அது வச்சிருக்காதவனோட பிடிவாதத்துக்கு விழுந்த அடி. அதைத் தனியா எழுது. கேப்டன் போட்ட 8 பேருக்குள்ள நடந்த சண்டையை சலா தீர்த்து வைக்கல.

இப்போ காணும் பொங்கல் ராத்திரிக்கு வரேன். 2025 ஜனவரி 16. அந்த 21-வது வாரத்தோட டெட்லைன் (டீமை மாத்தக் கடைசி நேரம்) பொங்கலன்னைக்கே, 14-ம் தேதி நம்ம நேரத்துக்கு ராத்திரி 11:30. முதல் மேட்ச் தொடங்க 90 நிமிஷம் முன்னாடி கதவு சாத்திடுவாங்க, அதுக்கு மேல யார் கெஞ்சினாலும் திறக்காது. செவ்வாய் ராத்திரியே நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்துல லிவர்பூல் 1-1. 8-வது நிமிஷம் ஃபாரஸ்ட் ஆளு கிறிஸ் வுட் கோல். சலாவுக்கு கோலும் இல்ல, அசிஸ்ட்டும் இல்ல. நம்பி கேப்டன் போட்ட ஆளு, 90 நிமிஷம் ஓடினதுக்கு 2 பாயிண்ட், இரட்டிப்பாக்கினா 4. மேல சொன்ன கணக்குல போட்டுப் பாருங்க, சலா அன்னைக்கு கேப்டன் போட்டவனை முன்ன தள்ளினது 0.6.

வாரத்தோட கடைசி மேட்ச் வியாழக்கிழமை, நம்ம நேரத்துக்கு வெள்ளி அதிகாலை 1:30. மான்செஸ்டர் யுனைடெட், டேபிள்ல கடைசில கிடந்த சவுத்ஹாம்ப்டன் கூட. 43-வது நிமிஷம் யுனைடெட்டோட உகார்ட்டே தன் வலைக்குள்ளயே போட்டுட்டார். 0-1. 60 நிமிஷம், 0-1. 70 நிமிஷம், 0-1. 80 நிமிஷம், அப்பவும் 0-1. யுனைடெட்டோட அமத் டியாலோவை வச்சிருந்தவன் 2 பாயிண்ட்னு எழுதி மூடிட்டுப் படுத்திருப்பான். 82-வது நிமிஷம் அமத். 1-1. 90-வது நிமிஷம் எரிக்சன் தூக்கிக் கொடுத்ததை மறுபடியும் அமத். 2-1. கூடுதல் நேரம் 4-வது நிமிஷம், டிஃபெண்டர் கால்லேர்ந்து பந்தைப் பறிச்சு காலி வலைக்குள்ள உருட்டி விட்டார். அதுவும் அமத். பன்னிரண்டே நிமிஷத்துல மூணு கோல். மிட்ஃபீல்டர் கோலுக்கு 5, அப்போ 15. அறுபது நிமிஷத்துக்கு மேல ஆடினதுக்கு 2. மேட்ச்லயே நல்லா ஆடினவனுக்கான போனஸ் 3. மொத்தம் 20. அதிகாலை மூணு மணிக்கு மேல, யாரும் பார்க்காத நேரத்துல, சீசன் தொடக்கத்துல 5.0 மில்லியனுக்குக் கிடைச்ச ஒரு பையன் 20!

அந்த ஒரு ராத்திரியில எத்தனை லீக் தலைகீழாச்சு! அதுக்கு முன்னாடியும் சும்மா இல்ல. டிசம்பர் 15-ல மான்செஸ்டர் சிட்டி மைதானத்துல முதல்ல பெனால்ட்டி வாங்கிக் கொடுத்தார், அப்புறம் 90-வது நிமிஷம் ஜெயிக்குற கோலையும் போட்டார். ஜனவரி 5-ல லிவர்பூல் மைதானம் ஆன்ஃபீல்டுல 80-வது நிமிஷம் 2-2 ஆக்கினதும் அவர்தான். அந்த மூணு மேட்ச்லயும் அவரை ஆடவிட்டவன் சீசனையே தூக்கி நிறுத்தியிருப்பான். சீசன் முடிவு மொத்தப் பாயிண்ட் பட்டியல்லகூட மேல அவர் பேரைத் தேடு, கிடைக்காது. அவர் நிஜ மேட்ச்ல பெஞ்ச்ல உட்கார்ந்திருந்த வாரங்களும் மொத்தத்துல சேருதே, எப்படி வரும்?

இதே கதையோட இன்னொரு பாதி, ஹாட்ரிக்கைப் பார்த்துட்டு அமத்தை வாங்கினவன். அடுத்த டெட்லைன் சனிக்கிழமை மாலை 4:30. ஞாயிறு பிரைட்டன் கூட யுனைடெட் 1-3 தோல்வி. அமத்துக்கு கோல் இல்ல, அசிஸ்ட் இல்ல. அடுத்த மாசம் கணுக்கால் காயம், மே வரைக்கும் ஆளே இல்ல. வாங்கினவனுக்கு அந்த 20-ல ஒண்ணும் வரல. ஆனா பட்டியல்ல அவன் டீமுக்குப் பக்கத்துல அமத்தோட மொத்தத்தைப் போட்டு "நல்ல தேர்வு"ன்னு எழுதுவாங்க. இது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது மான்செஸ்டர் சிட்டியோட ஹாலண்ட். அந்த சீசன் தொடக்க விலை 15.0 மில்லியன். நூறு மில்லியன்ல பதினஞ்சு ஒரே ஆளுக்கு. முதல் 5 மேட்ச்ல 10 கோல், உண்மையிலேயே மிரட்டல். அடுத்த 14 வாரத்துல? நாலே நாலு கோல். டிசம்பர் 26-ல எவர்ட்டன் கூட பெனால்ட்டியை அவங்க கீப்பர் பிக்ஃபோர்ட் தடுத்துட்டார், அதுக்கு மைனஸ் 2 வேற. கிறிஸ் வுட் தொடக்க விலை 6.0. அதே 6-லேர்ந்து 19 வரைக்குமான வாரங்கள்ல 8 கோல். இரட்டிப்பு! பாதி சீசன் மொத்தக் கணக்குல ஹாலண்ட் 14, வுட் 11. உடனே ஹாலண்டை மேல போட்டுட்டு வுட்டை கீழ தள்ளிடுறாங்க. மிச்சமான 9 மில்லியன்ல என்ன செஞ்சிருக்கலாம்னு யோசிக்க மாட்டாங்களா? 5 மில்லியன் மிட்ஃபீல்டரைத் தூக்கிட்டு அந்த இடத்துல சலாவையே கொண்டு வரலாம். அவர் தொடக்க விலை 12.5. அதுக்கு மேலயும் ஒன்றரை மிச்சம். விலையைச் சேர்க்காம ஹீரோ தேர்ந்தெடுக்குறது, எடை போடாம அரிசி வாங்குற மாதிரி.

விலையிலயும் சும்மா இன்னைக்கு விலையைப் பார்த்து எழுதக்கூடாது. 6.0-க்கு வாங்கின ஆள் 6.5 ஆனா விக்கும்போது கைக்கு வர்றது 6.2. லாபத்துல பாதிதான் நமக்கு, அதையும் கீழ்ப்பக்கமா முழுசாக்கிடுவாங்க. ஆகஸ்ட்ல வாங்கினவனுக்கும் டிசம்பர்ல வாங்கினவனுக்கும் ஒரே ஆள் வேற வேற விலை. அவங்க ரெண்டு பேருக்கும் ஒரே மார்க் போடுறது எப்படி சரி?

அசிஸ்ட் கணக்கு இன்னும் கொடுமை. ஏதோ ஒரு கால்பந்து தளத்துலேர்ந்து கோல், அசிஸ்ட்னு காப்பி எடுத்துப் போடுறாங்க. எஃப்பிஎல்ல பெனால்ட்டி வாங்கிக் கொடுத்தவனுக்கும் அசிஸ்ட் உண்டு, வேற ஆள் அடிச்சு உள்ள போச்சுன்னா. 2024 நவம்பர் 30, வுல்வ்ஸ் மைதானத்துல போர்ன்மத் 4-2. ஜஸ்டின் க்ளைவர்ட் மூணு பெனால்ட்டி அடிச்சு ஹாட்ரிக். பிரீமியர் லீக்ல பெனால்ட்டியிலேயே ஹாட்ரிக் அடிச்ச முதல் ஆள் அவர்தான். அந்த மூணையும் வாங்கிக் கொடுத்தது அதே டீம் எவானில்சன். நம்ம விளையாட்டுல மூணு அசிஸ்ட், 9 பாயிண்ட். வேற பல தளத்துல பார்த்தா அந்த மூணுக்கும் பூஜ்யம். எவானில்சனை நம்பி வச்சிருந்தவனை முட்டாள்னு எழுதிட்டாங்க, 9 பாயிண்ட்டை அழிச்சுட்டு!

டிஃபெண்டரும் கீப்பரும் பட்டியல்ல வர்றதே இல்ல. ஃபாரஸ்ட் 17, 18, 19-னு மூணு வாரம் வரிசையா ஒரு கோல்கூட விடல. கோல் விடாத டீம் டிஃபெண்டருக்கும் கீப்பருக்கும் ஒரு வாரத்துக்கு 4, மொத்தம் 12. சத்தமே இல்லாம வந்த 12. சத்தம் இல்லைங்குறதுக்காக அது பாயிண்ட் இல்லாமப் போயிடுமா?

பெஞ்ச் விஷயத்தைச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. ஒருத்தன் ஒரு ஆளை வச்சிருந்தான்னா அவன் பாயிண்ட் வந்துச்சுன்னு அர்த்தம் இல்ல. பெஞ்ச்ல முதல் இடத்துல 20 பாயிண்ட் உட்கார்ந்திருக்கும். மைதானத்துல போட்ட பதினோரு பேர்ல ஒருத்தனாவது ஆடாம இருந்தாத்தான் அது உள்ள வரும். 89-வது நிமிஷம் எவனோ மாற்றா இறங்கி, பந்தைக்கூடத் தொடாம 1 பாயிண்ட் வாங்கிட்டா போச்சு. 1 உள்ள, 20 வெளிய. மூணு டிஃபெண்டருக்குக் குறையக் கூடாதுங்குற விதி குறுக்க வந்தா பெஞ்ச்ல முதல்ல இருக்குறவனைத் தாண்டி அடுத்தவன் உள்ள போயிடுவான். இதெல்லாம் பார்க்காம "இந்த ஆள் உங்கிட்ட இருந்தானே"ன்னு எழுதுறது வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுறது.

சரியாப் போடணும்னா கஷ்டமே இல்ல. லீக் டேபிளைத் திற, ஒவ்வொரு டீம் பேரையும் அழுத்து, வாரா வாரம் பின்னாடி போ. பத்து டீம், 19 வாரம், 190 பக்கம். ஒருத்தனே பண்ணா ஒரு சாயங்காலம் போகும். ஆளுக்கு அவன் அவன் 19 வாரத்தை நிரப்பச் சொன்னா அரை மணி நேரம். ஒரு ஷீட்ல ஆள் பேரு, வாரம், பெருக்கல் எண்: பெஞ்ச்னா 0, ஆடினா 1, கேப்டன்னா 2, டிரிபிள் கேப்டன்னா (கேப்டன் பாயிண்ட்டை மும்மடங்காக்குற சலுகை) 3. பெஞ்ச் பூஸ்ட் (பெஞ்ச் பாயிண்ட்டையும் சேர்க்குற சலுகை) போட்ட வாரம் பெஞ்ச்லயும் எல்லாருக்கும் 1, இதை மறந்துட்டு 0 போட்டுடுவாங்க, கவனம். கேப்டன் ஆடலைன்னா அந்த 2 துணை கேப்டனுக்குப் போகும், அதையும் பாரு. அப்புறம் லீக் சராசரியைக் கழி, அந்த வாரப் பாயிண்ட்டால பெருக்கு, கூட்டு. எந்த ஆள் எந்த டீமை எவ்வளவு முன்ன தள்ளினான்னு நேர் கோடு மாதிரி வந்து நிக்கும். அவனை வாங்க, கூடுதல் மாற்றத்துக்கான மைனஸ் 4 கட்டியிருந்தா அந்த 4-ஐயும் அவன் கணக்குலேர்ந்தே கழி.

ஆளுக்கு அரை மணி நேரம். பாதி சீசன் முழுக்க சனிக்கிழமை சனிக்கிழமை மண்டையை உடைச்சுக்கிட்டு டீம் போட்ட பத்துப் பேருக்கு அந்த அரை மணி நேர மரியாதை கிடையாதா? நடு ராத்திரி முழிச்சு, யாருக்கு முழங்கால் வலி, யார் பயிற்சிக்கு வரலன்னு தேடித் தேடி வாங்கின ஒரு 5 மில்லியன் பையன் கைவிடாம காப்பாத்தியிருக்கான். அவன் பேரை ஒரு தடவை பட்டியல்ல பார்க்க ஆசைப்படுறது தப்பா?