பீரோவின் கீழ்த்தட்டு

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனுக்கு எங்கள் வீட்டுப் பீரோவைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும். போன மாதம் துணி மூட்டையைக் கொடுத்தபோது, நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். "அக்கா, இதை மூன்று தீபாவளியாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் காலரில் அழுக்கைப் பார்த்ததில்லை. அண்ணன் போடுகிறாரா, இல்லை எனக்கு வேலை கொடுக்கத்தான் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து வெட்கமாகவும் இருந்தது.

சட்டை என் கணவருடையது. போட்டால் வயிற்றுக்கு மேலே இரண்டு பொத்தான்களுக்கு நடுவே பனியன் எட்டிப் பார்க்கும். இளைத்த பிறகு போடுவாராம். இளைப்பதற்கான முயற்சி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் கசங்கியிருக்கிறது என்று நானே அவ்வப்போது எடுத்து, தேய்க்கக் கொடுத்து, மறுபடி அதே இடத்தில் அடுக்கிவிடுகிறேன்.

ஓர் ஆண்டு உடுத்தாத துணியைத் தூக்கிக் கொடுத்துவிடு என்று ஒரு விதியை எல்லோரும் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் பொங்கலுக்கு முன்னால் தவறாமல் வந்துவிடும். இதைச் சொல்பவர்கள் எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்து பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ஒரு செவ்வாடைப் புடவை இருக்கிறது. மேல்மருவத்தூருக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும். கணவரின் கறுப்பு வேட்டி கார்த்திகையில் இறங்கினால் தை பிறந்ததும் மேலே ஏறிவிடும். சாவு வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகவென்று சாம்பல் நிறத்தில் ஒரு கைத்தறிப் புடவை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் அதைத் தொட நேரவில்லை என்றால் நான் சந்தோஷப்பட வேண்டுமா, தூக்கிக் கொடுக்க வேண்டுமா? ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது. மார்கழியில் திருமலையில் நள்ளிரவு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும்போது கட்டிக்கொள்ளவென்றே ஒரு கரும்பச்சை நைட்டி உண்டு. வடசென்னையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் யாரும் அதை வேண்டாத துணி என்று சொல்ல மாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் ஒரு நாள் இருக்கிறது. அந்த நீலச் சட்டைக்கு நாளும் இல்லை, ஆளும் இல்லை.

ஆகவே எத்தனை மாதம் உடுத்தவில்லை என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். என் கவலை வேறு. துணியைச் சீக்கிரமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அது செத்துப்போகும்வரை வைத்திருந்துவிட்டு, செத்ததை எடுத்துத் தானம் செய்பவர்கள்தான் நம்மில் அதிகம். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். கொருக்குப்பேட்டையில் நாங்கள் இருப்பது தரைத்தளப் போர்ஷன். சாயங்காலத்துக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஃப்ரிட்ஜை மேசை மேல் ஏற்றினோம், கட்டிலுக்குச் செங்கல் கொடுத்தோம், ரேஷன் கார்டையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டோம். இரும்புப் பீரோவை யார் தூக்குவது?

தண்ணீர் வடிந்து பீரோவைத் திறந்தபோது மேல்தட்டுகளில் ஒன்றும் ஆகவில்லை. அன்றாடம் உடுத்துகிற, சாயம்போன, பழகிய துணிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. கீழ்த்தட்டுதான் முழுகிப்போயிருந்தது. "நல்ல துணி" என்று சொல்லிச் சொல்லி எடுத்து வைத்தவை எல்லாம் கீழ்த்தட்டில்.

அவற்றில் ஒன்று பாட்டில் பச்சையில் அரக்குக் கரை போட்ட காஞ்சிபுரம் பட்டு. என் கல்யாண வரவேற்புக்கு எடுத்தது, 1998-இல். மொத்தமாக நான்கு முறை கட்டியிருப்பேன். வெள்ளத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் அக்கா மகள் கல்லூரி விழாவுக்கு அதைக் கேட்டாள். "சித்தி, அந்தப் பச்சைப் புடவையைக் கொடுங்களேன், பத்திரமாகத் தருகிறேன்" என்றாள். எங்காவது மாட்டிக் கிழித்துவிடுவாய், அது உன் சித்தப்பா எடுத்துக் கொடுத்தது என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். குழந்தை முகம் சுருங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பீரோவிலிருந்து எடுத்தபோது சாக்கடை நாற்றம் அடித்தது. அரக்குச் சாயம் புடவையின் உடலெங்கும் இறங்கித் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. கூடப் போட்டிருந்த அந்துருண்டைகள் மட்டும் அப்பழுக்கில்லாமல், வெள்ளை வெளேரென்று தட்டில் உட்கார்ந்திருந்தன. அலசி நிழலில் காயவைத்து விரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் பிளேடு போட்டுக் கீறியதுபோல நேர்கோட்டில் விட்டிருந்தது. அது வெள்ளத்தின் வேலை இல்லை. பட்டுப்புடவையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிவைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்துருண்டையைச் சரிகை மேலேயே வைக்கக்கூடாது. நானோ கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயே, கடையில் மடித்த மடிப்பிலேயே, ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தேன். தண்ணீர் வராமல் இருந்திருந்தால் அது கிழிந்துவிட்டது என்பதே தெரியாமல் இன்னும் பத்து ஆண்டுகள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

பழைய பட்டுப்புடவை வாங்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் புடவையைப் பார்க்கவே இல்லை. முந்தானைச் சரிகையை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது. அசல் சரிகைதான், வெள்ளி இருக்கும் என்றார். எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்களாம். 1,600 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அக்கா மகளிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கதையின் மறுபாதியும் அந்த வாரத்தில்தான் நடந்தது. ஐந்தாம் நாள் நிவாரணம் கொண்டுவந்தார்கள். அரிசி, பால்பவுடர், பாய், பிஸ்கட். வீட்டுக்கு ஒரு பை பழைய துணி. கொண்டுவந்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்றமடிக்கும் தண்ணீரில் நடந்து வந்தவர்கள். ஆனால் அந்தப் பையை ஆசையோடு பிரித்தவள் நான். பீரோ இன்னும் தண்ணீரில் நின்றதால், மாற்றிக்கொள்ள ஒரு உள்பாவாடையும் இரண்டு நைட்டியும் ஒரு துண்டும் கிடைத்தால் போதும் என்ற நிலை அன்றைக்கு. பையில் ஜிப் போன ஜீன்ஸ் ஒன்று இருந்தது. பேண்ட் இல்லாத சுடிதார் டாப்ஸ் மூன்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கான, ஜிகினா உதிர்ந்த கவுன். ஒரு பள்ளிக்கூட டை. அடியில் ஒரு மஞ்சள் ஜாக்கெட், அக்குளில் வியர்வைக் கறை பழுப்பேறி விறைத்துப்போய், கொக்கி ஒன்றும் இல்லாமல்.

அந்த ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கொடுத்தவள் கெட்டவள் இல்லை. "பாவம், யாருக்காவது ஆகும்" என்று சொல்லித்தான் போட்டிருப்பாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2004 சுனாமியின்போது நான் கட்டிக் கொடுத்த மூட்டையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது. நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் சாலையோரம் குவிந்து, எடுப்பாரில்லாமல் மழையில் நனைந்து கிடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. அப்போது அதைப் படித்துவிட்டு, கொடுத்ததையும் வேண்டாம் என்கிறார்களே என்று நான் முணுமுணுத்தேன். என் மூட்டையும் அந்தக் குவியலில் இருந்திருக்கும்.

இப்போது துணியை எடுக்கும்போது ஒன்றைத்தான் யோசிக்கிறேன்: இதை என் அக்கா மகள் கையில் நேராகக் கொடுத்து, அவள் முகத்தைப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் இப்போதே கொடுக்க வேண்டும். துவைத்து, பொத்தானும் கொக்கியும் தைத்து, சுடிதார் என்றால் பேண்ட்டும் துப்பட்டாவும் சேர்த்து. அதோடு, கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும். எதிர்வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒரு புடவையை நீட்டினேன். "எனக்குப் பூப்போட்டது பிடிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சரியாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். இலவசமாகக் கிடைப்பவருக்கு விருப்பம் இருக்கக்கூடாது என்று யார் சொன்னது?

இந்தக் காரணத்தால்தான் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பேண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முட்டியையும் பின்பக்கத்தையும் பார்ப்பார்கள். இழுத்துப் பார்ப்பார்கள். நாலு பேண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவா என்று நம் பெண்கள் சண்டை போடுவார்கள். துணியை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. பார்க்கட்டுமே. அது தைக்கப்பட்டுத் தேய்க்கப்பட்டு நடைபாதைக் கடைக்குப் போகிறது. அங்கே ஒருவர் தனக்குப் பிடித்ததைப் பொறுக்கி, பேரம் பேசி, காசு கொடுத்து வாங்கிப் போகிறார்.

முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியாத துணி என்றால் அது உடுப்பு என்ற பேரை இழந்துவிட்டது. அதற்கும் வேலை உண்டு. என் கொழுந்தனார் வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எண்ணெய்க் கையைத் துடைக்க பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்குகிறார். "அண்ணி, பருத்தி மட்டும் கொடுங்கள், பாலியெஸ்டர் சரியாகத் துடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும்" என்பார். பழைய பனியன், லுங்கி, போர்வை உறை எல்லாம் பொத்தானும் எலாஸ்டிக்கும் நீக்கி அவருக்குப் போகின்றன. நைந்த பருத்திப் புடவை தூளிக்கு என்று யார் கேட்டாலும் ஓடிப்போய்க் கொடுப்பேன். அது நைய நையத்தான் குழந்தைக்கு இதம்.

போகியில் மட்டும் கொளுத்தாதீர்கள். அந்தக் காலத்தில் எரிந்தது பாயும் பருத்தியும். இன்று நம் துணியில் நிறையப் பாலியெஸ்டர். உருகிச் சொட்டி எரிந்து, கரும்புகையாகப் போகிறது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் திருப்பிவிட நேர்ந்தது நினைவிருக்கலாம். குப்பைத் தொட்டியில் போட்டால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகும். அங்கே தீப்பிடித்தால் அந்தப் புகையும் நம் பக்கம்தான் வரும்.

துணியின் அருமை தெரியாத ஊரா இது? வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வந்தது. திருவொற்றியூரில் உள்ள காலடிப்பேட்டை, நெசவாளர்களைக் குடியேற்றிய ஆளுநர் காலட்டின் பெயர் மருவியது. என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். 1996-இல் மில் மூடப்படும்வரை அங்கேதான். அந்த மில்லின் காக்கியில் தைத்த இரண்டு கால்சட்டைகளை அவர் விட்டுப்போனார்.

இங்கேதான் என் சட்டமெல்லாம் தடுமாறுகிறது. ஒன்றை வெட்டிக் காய்கறிப் பை தைத்துவிட்டேன். தையல் மிஷின் ஊசி இரண்டு முறை உடைந்தது, அப்படி ஒரு கெட்டி. முருங்கைக்காய் குத்தினாலும் பை அசைவதில்லை. இன்னொன்று மேல்தட்டில் இருக்கிறது. அதற்கு நாளும் இல்லை, ஆளும் இல்லை, எனக்கே தெரியும். தம்பி கேட்டால் கொடுத்துவிடுவேன். அவன் கேட்கக்கூடாது என்றும் இருக்கிறது.

இஸ்திரிக்கார அண்ணனுக்கு வருகிறேன். "உங்கள் பையனுக்கு ஆகுமா?" என்று கேட்டேன். சட்டையைத் தன் தோளில் வைத்து அளந்து பார்த்தார். "தோள் சரியாக இருக்கும். ஆனால் அண்ணனிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்" என்றார். அன்று இரவே கேட்டேன். கணவர் பதில் சொல்லாமல் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் போட்டு, பார்த்தாயா என்பதுபோலத் திரும்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றில் மூச்சை விட்டார், நடுப்பொத்தான் தெறித்தது.

கட்டிலுக்கு அடியில்தான் எங்கோ உருண்டு போயிருக்கிறது. அதைத் தேடி எடுத்துத் தைத்துவிட்டு, நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.