பவானிக்குத் தண்ணீர் குறைவது மழையால் மட்டுமா?

பவானிசாகர் அணைக்கு நீர்வரத்து குறைவதற்கு மழை பொய்ப்பதுதான் காரணம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை முடிக்கிறது. பாதிதான் சரி. அந்த மழை விழும் நீலகிரி மலை என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும்.

நீலகிரியின் மேல்மட்டத்தில் இருந்தது புல்வெளியும் சோலைக்காடும். அதில் கணிசமான பகுதியை வெளிநாட்டிலிருந்து வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) பிடித்துக்கொண்டன. ஊட்டி அருகே கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை வைத்து மண்வள ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் அளந்தார்கள். ஒன்று புல்வெளி, மற்றதில் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட பக்கம் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுதளிர் விட்டு வளர்ந்தபோது இன்னும் குறைந்தது. இரண்டுக்கும் ஒரே மழைதான்!

நான் குந்தா பக்கம் வளர்ந்தவன். மார்ச் மாதத்தில்கூட சோலைக்குள் மண்ணைக் கையில் அள்ளினால் ஈரம் ஒட்டும். எதிர்ச் சரிவில் சீகைக் காட்டுக்குள் போனால் காலடியில் சருகு நொறுங்கும். வீட்டுக்குக் கீழே ஓடிய ஓடை இப்போது பிப்ரவரியிலேயே நின்றுவிடுகிறது.

அப்புறம் மழையின் போக்கும் மாறிவிட்டது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிக் கொட்டும்போது கேரட் தோட்டச் சரிவில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க நேரமே கிடையாது. செம்மண்ணோடு சேர்ந்து அணைக்குத்தான் ஓடுகிறது. கொள்ளளவை வண்டல் தின்கிறது, கோடையில் ஓடை வறள்கிறது. அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை சில இடங்களில் நடக்கிறது. அதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுங்கள்.