மிச்சம் முழு 13% கிடையாது
அமெரிக்க விளையாட்டு வீரர்களின் வரி பற்றிய உங்கள் பதிவில், டெக்சாஸ், புளோரிடா அணியில் ஒரு வீரர் சேர்ந்தால் மாநில வருமான வரி கிடையாது, கலிபோர்னியாவோடு பார்த்தால் 13% அப்படியே கையில் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்குதான் உதைக்கிறது. என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் சீசனுக்கு ஓர் அணிக்கு 82 ஆட்டம், பாதி வெளியூரில். வருமான வரி வாங்குகிற மாநிலத்துக்குப் போய் ஆடினால் அங்கே வேலை பார்த்த நாளுக்கு அவர்கள் வரி பிடிப்பார்கள். சீசனுக்கு 200 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம், புளோரிடாவில் இருக்கும் மயாமி அணியின் வீரர் ஒருவர் அதில் 10 நாள் கலிபோர்னியாவில் இருந்தால் சம்பளத்தில் 20-ல் ஒரு பங்குக்கு அந்த மாநிலத்து வரி உண்டு, வெறும் பயிற்சிக்குப் போன நாளும் கணக்கில் சேரும். 37% வரை போகும் மத்திய வரியோ எங்கே ஆடினாலும் மாறாது. மிச்சமே இல்லை என்று சொல்லவில்லை, முழு 13 கிடையாது, அவ்வளவுதான். அப்புறம், கோடீஸ்வரனுக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். பேஸ்பால் நட்சத்திரம் ஓட்டானிக்குச் சரி, 70 கோடி டாலரில் 68 கோடியை 2034-லிருந்து வாங்கிக்கொள்கிறேன் என்று அவரால் ஒப்பந்தம் போட முடிகிறது. தரவரிசையில் 200-க்குக் கீழே இருக்கும் டென்னிஸ்காரரை யோசித்துப் பாருங்கள்: பயிற்சியாளர், விமானம், ஓட்டல் பெரும்பாலும் சொந்தக் காசு, முதல் சுற்றிலேயே தோற்றாலும் அந்தச் செலவு போனது போனதுதான், அமெரிக்காவில் ஆடுகிற வெளிநாட்டவர் என்றால் பரிசுப் பணத்தில் பொதுவாக 30% முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதிதான் கைக்கு வரும்.